கொசுவின் பெயரில் அடங்கியிருக்கும் நோயின் முகவரி: ஆனாஃபிலிஸ், ஏடிஸ், கியூலெக்ஸ் பெயர்கள் பிறந்த வரலாறு

ஹைதராபாத்: மலேரியாவைப் பரப்புவது ஆனாஃபிலிஸ் கொசு, டெங்கு, சிக்குன்குனியா காய்ச்சல்களைப் பரப்புவது ஏடிஸ் கொசு, யானைக்கால் நோயையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. பள்ளிப் பாடநூல்களிலும் சுகாதாரத் துறை விளம்பரங்களிலும் இடம்பெறும் இம்மூன்று பெயர்களும் நமக்குப் பழக்கமானவையே. ஆயினும் இவற்றைச் சூட்டியவர் யார், இவற்றின் பொருள் என்ன, ஒரு கொசுவுக்குச் சரியான பெயர் தெரியாமல் போனால் என்ன நேரும் என்பன பரவலாக அறியப்படாதவை.

ஒரு கொசுவின் பெயரை அறிந்தால், அது எத்தகைய நீரில் முட்டையிடும், எந்த நேரத்தில் கடிக்கும், எங்கே ஓய்வெடுக்கும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அறியலாம். பெயர் தவறினால் மருந்தும் உழைப்பும் தவறான இடத்தில் செலவாகும். இந்திய மண்ணில் நடந்த ஆய்வுகள் பலவும் இதற்குச் சான்று கூறுகின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20ஆம் நாள் உலக கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதற்குக் காரணமான கண்டுபிடிப்பும் பெயர் தெரியாத ஒரு கொசுவைக் கொண்டே நிகழ்ந்தது.

பெயர் தெரியாத கொசு: செகந்திராபாத், 1897

அல்மோராவில் 1857ஆம் ஆண்டு பிறந்த ரொனால்ட் ராஸ், இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ மருத்துவர். மலேரியாக் கிருமியைக் கொசுக்கள் சுமக்கக்கூடும் என்ற கருத்தை லண்டனில் பேட்ரிக் மேன்சன் அவரிடம் 1894ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு செகந்திராபாத்துக்கு வந்த ராஸ், மலேரியா நோயாளிகளைக் கொசுக்களால் கடிக்கச் செய்து, பின்னர் அக்கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆராயத் தொடங்கினார்.

ராஸ் பூச்சியியல் கற்றவர் அல்லர். கொசு வகைகளைப் பிரித்தறியும் நூல் எதுவும் அவர் கையில் இல்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரிந்த தோற்றத்தைக் கொண்டே சாம்பல் நிறக் கொசு, வரிக் கொசு, புள்ளிச் சிறகுக் கொசு என மூவகையாகப் பிரித்துக் குறித்துக்கொண்டார். இன்றைய வழக்கில் இவை முறையே கியூலெக்ஸ், ஏடிஸ், ஆனாஃபிலிஸ் ஆகும். எளிதில் கிடைத்த சாம்பல் நிறக் கொசுக்களையும் வரிக் கொசுக்களையும் கொண்டே அவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆய்வு நடத்தினார். மனிதரைத் தாக்கும் மலேரியாக் கிருமி அவ்விரு வகைகளிலும் வளராது என்பதால், எத்தனை கொசுக்களை அறுத்தும் பயன் கிட்டவில்லை.

1897ஆம் ஆண்டு நீலகிரியின் சீகூர் மலைச்சரிவுக்குச் சென்றபோது ராஸையே மலேரியா தாக்கியது. சிறகில் புள்ளிகள் கொண்ட கொசுவை அவர் கவனித்ததும் அப்பயணத்தில்தான். செகந்திராபாத்துக்குத் திரும்பிய பின், ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய உதவியாளர்கள் அத்தகைய கொசுக்கள் சிலவற்றைப் புழுப் பருவத்திலிருந்து வளர்த்தெடுத்தனர். ஹுசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு தம்மைக் கடிக்க இசைந்தார்.

அந்தக் கொசுக்களுள் ஒன்றை ஆகஸ்ட் 20ஆம் நாள் அறுத்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட வட்டமான உயிரணுக்களை ராஸ் கண்டார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்கிறது என்பதற்கான முதல் சான்று அது. இரண்டு கொசுக்களில் கண்டதை விவரிக்கும் அவருடைய கட்டுரை, அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. எனினும் அதில் கொசுவின் அறிவியல் பெயர் குறிக்கப்படவில்லை. தோற்ற வருணனை மட்டுமே இருந்தது.

1898ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவைக் கொண்டு நடத்திய ஆய்வில், கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது அடுத்த உயிருக்குத் தொற்றுவதை ராஸ் நிறுவினார். இதற்காக 1902ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அதே 1898ஆம் ஆண்டு, இத்தாலியின் விலங்கியல் அறிஞர் ஜியோவன்னி பத்திஸ்தா கிராசி வேறொரு வழியில் அதே முடிவை நெருங்கினார். மலேரியா உள்ள ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் காணப்படும் கொசு வகைகளை ஒப்பிட்ட அவர், மனிதருக்கு மலேரியாவைக் கடத்துவது ஆனாஃபிலிஸ் பேரினமே என்று பெயர் சுட்டி நிறுவினார். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்பதில் இருவருக்கும் இடையே கடும் பூசல் மூண்டது. கிருமியைக் கொசுவுக்குள் கண்டவர் ராஸ். அந்தக் கொசுவின் அடையாளத்தை உறுதிசெய்தவர் கிராசி.

பயனற்றது, வெறுக்கத்தக்கது

உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் வகுத்தார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். ஊர்ப்பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்து ஒருவரை அடையாளப்படுத்துவதைப் போல, இவ்விரு சொற்களும் சேர்ந்தே ஓர் உயிரினத்தைக் குறிக்கின்றன. பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படுவது மரபு.

லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு பயன்படுத்திய கியூலெக்ஸ் என்பது, கொசு போன்ற சிறு பூச்சியைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல். ஆனாஃபிலிஸ், ஏடிஸ் ஆகிய இரண்டையும் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் யோஹான் வில்ஹெல்ம் மைகன் 1818ஆம் ஆண்டு சூட்டினார். இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து பெறப்பட்டவை. முன்னது 'பயனற்றது' என்றும், பின்னது 'வெறுக்கத்தக்கது' என்றும் பொருள்படும். அவை நோய் பரப்பும் என்பது உலகுக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இப்பெயர்கள் அமைந்துவிட்டன.

உலகில் இதுவரை 3,500க்கும் மேற்பட்ட கொசுச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் மனிதருக்கு நோய் கடத்துபவை மிகச் சிலவே. அவற்றிலும் பெண் கொசுக்கள் மட்டுமே குருதி உண்கின்றன. முட்டை வளர்ச்சிக்குக் குருதியிலுள்ள புரதம் அவற்றுக்குத் தேவைப்படுகிறது. ஆண் கொசுக்கள் பூந்தேன், தாவரச் சாறு ஆகியவற்றைக் கொண்டே வாழ்கின்றன.

மூன்று பேரினங்களையும் வெறும் கண்ணாலேயே ஓரளவு பிரித்தறிய முடியும். பெரும்பாலான ஆனாஃபிலிஸ் கொசுக்கள் தலையைத் தாழ்த்தி, வயிற்றின் பின்பகுதியைச் சாய்வாக மேலே தூக்கி அமரும். ஏடிஸ், கியூலெக்ஸ் கொசுக்கள் சுவருக்கு இணையாக அமரும். ஏடிஸ் கொசுவின் கரிய உடலிலும் கால்களிலும் வெண்பட்டைகள் தெளிவாகத் தெரியும்.

நீரிலுள்ள புழுக்களிடமும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஆனாஃபிலிஸ் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாக மிதக்கும். மற்ற இரண்டும் வாலிலுள்ள மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் பதித்து, தலைகீழாகத் தொங்கும். கியூலெக்ஸ் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு தெப்பம்போல் மிதக்கும். ஆனாஃபிலிஸ், ஏடிஸ் முட்டைகள் தனித்தனியே இடப்படும்.

உலகக் கொசுக்களின் பட்டியல்

ராஸின் கண்டுபிடிப்புக்குப் பின், கொசுக்களைப் பெயரிட்டு வகைப்படுத்துவது அவசரத் தேவையாயிற்று. தனது ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் கொசு மாதிரிகளைச் சேகரித்து லண்டனிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அனுப்பப் பிரிட்டிஷ் அரசு ஏற்பாடு செய்தது. அவற்றை ஆராய்ந்து ஃபிரெடெரிக் தியோபால்ட் எழுதிய உலகக் கொசுக்கள் பற்றிய பெருந்தொகுப்பு 1901ஆம் ஆண்டு முதல் 1910 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது. இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர்களான ஜார்ஜ் கைல்ஸ், வில்லியம் கிளென் லிஸ்டன், சிட்னி ஜேம்ஸ் ஆகியோரும் பல சிற்றினங்களை விவரித்தனர்.

இன்று இந்தியாவின் முதன்மை மலேரியாக் கொசுக்களாகக் கருதப்படுபவை பலவற்றின் பெயர்களுக்குப் பின்னால் 1901, 1902 ஆகிய ஆண்டுகள் இருப்பதன் காரணம் இதுவே. இந்திய ஆனாஃபிலிஸ் கொசுக்கள் பற்றி ரிக்கார்ட் கிறிஸ்டோபர்ஸ் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியும், பிற கொசுக்கள் பற்றி பாரோட் 1934ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியும் பல பத்தாண்டுகள் கள ஊழியர்களுக்கு வழிகாட்டிகளாக விளங்கின.

எகிப்தின் பெயரைச் சுமக்கும் கொசு

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் ஆகிய நான்கையும் கடத்தவல்ல ஏடிஸ் எஜிப்டியின் பெயர் வரலாறு மிகவும் சிக்கலானது. லின்னேயஸின் மாணவர் ஃபிரெட்ரிக் ஹாசல்குவிஸ்ட் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எகிப்துக்குப் பயணம் செய்து அங்குள்ள உயிரினங்களைக் குறிப்பெடுத்தார். நாடு திரும்பும் முன்பே அவர் இறந்துவிட, அவருடைய குறிப்புகளை லின்னேயஸ் வெளியிட்டார். அந்நூலின் 1762ஆம் ஆண்டு ஜெர்மன் பதிப்பிலிருந்தே 'எகிப்துக்குரியது' என்ற இப்பெயர் கணக்கிடப்படுகிறது. ஆனால் இக்கொசுவின் பூர்விகம் எகிப்து அன்று. சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து கப்பல்கள் வழியே இது உலகெங்கும் பரவியது.

கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, மஞ்சள் காய்ச்சலைக் கொசு கடத்துகிறது என்று 1881ஆம் ஆண்டே கூறினார். வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவக் குழு 1900ஆம் ஆண்டு ஹவானாவில் அதை உறுதிப்படுத்தியது. அப்போது இக்கொசு கியூலெக்ஸ் ஃபேசியேட்டஸ் எனப்பட்டது. பின்னர் தியோபால்ட் அதை ஸ்டெகோமியா என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார். ஸ்டெகோமியா ஃபேசியேட்டா, ஸ்டெகோமியா கலோபஸ், ஏடிஸ் அர்ஜென்டியஸ் எனப் பல பெயர்களில் மருத்துவ நூல்கள் இதைக் குறித்தன. பழைய அறிக்கைகளைப் படிப்பவர், இவை யாவும் ஒரே கொசு என்பதை அறிந்திராவிட்டால் வெவ்வேறு கொசுக்கள் எனக் கருத நேரிடும்.

இதற்கிடையே இன்னொரு சிக்கலும் எழுந்தது. எகிப்தில் எழுதப்பட்ட மூல வருணனை இக்கொசுவுக்குப் பொருந்தவில்லை. அது வேறொரு கொசுவைக் குறித்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். விதியைக் கறாராகப் பின்பற்றினால், உலகமே பழகிவிட்ட பெயரை மாற்ற வேண்டியிருக்கும். எனவே, நடைமுறையிலுள்ள பெயரையே நிலைநிறுத்துமாறு மேட்டிங்லி, ஸ்டோன், நைட் ஆகிய மூன்று அறிஞர்கள் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையத்திடம் 1962ஆம் ஆண்டு விண்ணப்பித்தனர். ஆணையமும் அதை ஏற்றது.

சர்ச்சை அதோடு முடியவில்லை. 2004ஆம் ஆண்டு ஜான் ரைனெர்ட்டும் அவருடைய குழுவினரும் ஏடிஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்து, இக்கொசுவை மீண்டும் ஸ்டெகோமியா எஜிப்டி ஆக்கினர். டெங்கு குறித்த ஆயிரக்கணக்கான ஆவணங்களில் உள்ள பெயரை மாற்றுவது குழப்பத்தையே விளைவிக்கும் என்று மருத்துவப் பூச்சியியல் இதழ்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2015ஆம் ஆண்டு வெளியான மறுவகைப்பாடு ஏடிஸ் என்ற பெயரை மீட்டுத் தந்தது.

இப்பெயர் இந்தியர்களின் பயணத்தோடும் தொடர்புடையது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைக் கடத்தவல்ல கொசு நாடெங்கும் இருக்கிறது. நோயுற்ற ஒருவர் வந்திறங்கினால், கிருமியை ஏந்திப் பரப்ப அது காத்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்றிதழை இந்தியா கண்டிப்புடன் கேட்பது இதனால்தான்.

கொல்கத்தா தந்த புலிக்கொசு

ஏடிஸ் எஜிப்டியின் நெருங்கிய உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ், உலக அளவில் ஆசியப் புலிக்கொசு என்று அழைக்கப்படுகிறது. இதை முதலில் விவரித்தவர் ஃபிரெடெரிக் ஸ்கியூஸ். கொல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, வங்காளத்தின் பட்டைக் கொசு என 1890களில் இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் அவர் இதை அறிமுகப்படுத்தினார். அல்போபிக்டஸ் என்றால் 'வெண்மை தீட்டப்பட்டது' என்று பொருள்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. எஜிப்டியின் முதுகில் யாழ் வடிவில் வளைந்த வெண்கோடுகள் இருக்கும். அல்போபிக்டஸின் முதுகில் நடுவே ஒரே நேர்க்கோடு ஓடும். முன்னது வீட்டுக்குள் இருக்கும் தொட்டி, குடம், ஏர் கூலர் ஆகியவற்றை நாடும். பின்னது தோட்டம், தோப்பு, ரப்பர்த் தோட்டங்களின் சிரட்டை, மரப்பொந்து ஆகியவற்றில் தேங்கும் நீரை விரும்பும். ஓர் ஊரில் டெங்குவைப் பரப்புவது இவற்றுள் எது என்பதைப் பொறுத்தே, ஊழியர்கள் வீட்டுக்குள் தேட வேண்டுமா, தோட்டத்தில் தேட வேண்டுமா என்பது முடிவாகும்.

சாக்கடையிலும் வயலிலும் வளர்பவை

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்குவிஃபேசியேட்டஸ், இந்திய நகரங்களில் மிகுதியாகக் காணப்படும் கொசு. 'ஐந்து பட்டைகள் உடையது' என்ற பொருள்தரும் இப்பெயரை அமெரிக்கரான தாமஸ் சே 1823ஆம் ஆண்டு சூட்டினார். ஐந்து ஆண்டுகள் கழித்து இதே கொசுவுக்கு கியூலெக்ஸ் ஃபேட்டிகன்ஸ் என்ற பெயரும் இடப்பட்டது. ஒரே உயிரினத்துக்கு இரு பெயர்கள் அமைந்தால் முந்தியதே செல்லும் என்பது விதி. எனினும் இந்திய மருத்துவ நூல்களில் ஃபேட்டிகன்ஸ் என்ற பெயரே நெடுங்காலம் நீடித்தது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி போன்ற அசுத்த நீரில் பெருகும் இக்கொசு இரவில் கடிக்கும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் வேறு. நெல்வயல்களில் தேங்கும் நீரில் வளரும் கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ், கியூலெக்ஸ் விஷ்ணுயி ஆகியன இவற்றுள் முக்கியமானவை. விஷ்ணுவின் பெயரைத் தாங்கிய பின்னதைத் தியோபால்ட் 1901ஆம் ஆண்டு விவரித்தார். பன்றிகளிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் கிருமியைப் பெறும் இவை, அதை மனிதருக்குக் கடத்துகின்றன. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் 1955ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டது. 2005ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

இரண்டும் கியூலெக்ஸ் என்ற ஒரே பேரினமாயினும், சாக்கடையைத் தூர்வாரினால் மூளைக்காய்ச்சல் குறையாது. வயல்நீரை அவ்வப்போது வடித்தால் யானைக்கால் நோய் குறையாது. பேரினப் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை இது காட்டுகிறது.

கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் காணப்பட்ட மற்றொரு வகை யானைக்கால் நோயை மான்சோனியா கொசுக்கள் பரப்பின. பேட்ரிக் மேன்சனின் நினைவாகப் பெயர் பெற்ற இவற்றின் புழுக்கள், மூச்சு விட நீர்ப்பரப்புக்கு வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் துளையிட்டு அதிலுள்ள காற்றைப் பெறுகின்றன. இதனால், நீரில் மருந்து தெளிப்பதைவிடக் குளங்களிலுள்ள இச்செடிகளை அகற்றுவதே இவற்றுக்கு எதிராகப் பயன் தந்தது.

இந்தியாவின் ஆறு மலேரியாக் கொசுக்கள்

இந்தியாவில் சுமார் 60 ஆனாஃபிலிஸ் சிற்றினங்கள் உள்ளன. இவற்றுள் ஆறு மட்டுமே மலேரியாவின் முதன்மைக் கடத்திகளாகக் கருதப்படுகின்றன. அவற்றின் பெயர்களே சில செய்திகளைச் சொல்லும். ஃபுளூவியாட்டிலிஸ் என்றால் 'ஆற்றுக்குரியது'. மலையடிவார ஓடைகளில் வளர்வது. மினிமஸ் என்றால் 'மிகச் சிறியது'. வடகிழக்கின் தெளிந்த, மெல்ல ஓடும் நீரில் காணப்படுவது. சுண்டா தீவுகளின் பெயர் கொண்ட சுண்டாய்கஸ், அந்தமான் நிகோபார் தீவுகளின் உவர்நீரில் வளர்வது. கிராமப்புறங்களின் குலிசிஃபேசிஸும், நகரங்களின் ஸ்டீபன்சியும் மேலும் இரண்டு.

ஆறாவது, அசாமின் காடுகளிலும் அதை ஒட்டிய மாநிலங்களிலும் மலேரியாவைப் பரப்பும் கொசு. ஃபிலிப்பைன்ஸின் பலாபக் தீவின் பெயரால் பலாபசென்சிஸ் என்று ஒரு காலத்தில் இது குறிக்கப்பட்டது. தென்கிழக்காசியக் கொசு வேறு என்று தெளிவானபின், 1979ஆம் ஆண்டு 'அச்சந்தருவது' எனப் பொருள்படும் டைரஸ் என்ற பெயர் வந்தது. டைரஸும் பல சிற்றினங்களின் தொகுதி எனத் தெரியவந்து, 2005ஆம் ஆண்டு தாய்லாந்து அறிவியலாளர் விசுத் பைமாயின் நினைவாகப் பைமாயி என்ற பெயர் சூட்டப்பட்டது. இன்று இந்தியாவின் வடகிழக்கில் வாழ்வது பைமாயி என்றே கொள்ளப்படுகிறது. அரை நூற்றாண்டுக்குள் ஒரே காட்டின் ஒரே கொசுவுக்கு மூன்று பெயர்கள்.

ஒரே உருவம், வெவ்வேறு இனம்

உருவத்தால் வேறுபாடு காண இயலாதபடி ஒத்திருந்தும், தம்முள் கலந்து இனம்பெருக்காத கொசுக்களை உடன்பிறப்புச் சிற்றினங்கள் என்பர். இக்கருத்துக்கு வழிவகுத்தது ஐரோப்பாவின் ஒரு புதிர். ஆனாஃபிலிஸ் மகுலிபென்னிஸ் என்ற கொசு ஐரோப்பாவெங்கும் இருந்தது. மலேரியாவோ சில இடங்களில் மட்டும் இருந்தது. இத்தாலியின் சுகாதார ஆய்வாளர் டொமெனிகோ ஃபல்லெரோனி, கொசுவை விடுத்து அதன் முட்டைகளைக் கூர்ந்து நோக்கினார்.

முட்டைகளின் மேற்புறக் கோலங்கள் தாய்க்கொசுவுக்கேற்ப வேறுபட்டன. 1926ஆம் ஆண்டு இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டிய அவர், தம் நாட்டுச் சுகாதார அதிகாரிகளான மெஸ்ஸியா, லப்ராங்கா ஆகியோரின் பெயரால் மெஸ்ஸியே, லப்ராங்கியே எனப் பெயரிட்டார். லப்ராங்கியே கொடிய மலேரியாக் கடத்தி என்பதும், மெஸ்ஸியே பெரும்பாலும் தீங்கற்றது என்பதும் பின்னர் தெளிவாயின.

இந்தியாவிலும் இதே புதிர் எழுந்தது. கிராமப்புற மலேரியாவின் முதன்மைக் கடத்தி ஆனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ். நாட்டின் மலேரியாத் தொற்றுகளில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு வரை இதனால் ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது. கைல்ஸ் 1901ஆம் ஆண்டு சூட்டிய இப்பெயருக்குக் 'கியூலெக்ஸ் தோற்றமுடையது' என்பது பொருள். ஆனாஃபிலிஸாக இருந்தும் இது கியூலெக்ஸைப் போல ஏறத்தாழச் சுவருக்கு இணையாக அமரும். அமரும் முறையை மட்டும் கொண்டு மலேரியாக் கொசுவை அடையாளம் காண முயல்வோரை இக்கொசு ஏமாற்றிவிடும்.

1980ஆம் ஆண்டு, குரோமோசோம்களின் வரிக்கோலங்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், குலிசிஃபேசிஸ் என்ற பெயருக்குள் ஏ, பி என இரண்டு சிற்றினங்கள் இருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டுகளில் சரளா சுப்பாராவ் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் சி, டி ஆகியவற்றைப் பிரித்தறிந்தனர். ஏ, சி, டி ஆகியவை மலேரியாவைக் கடத்துபவை. பி பெரும்பாலும் கடத்தாதது. பி மட்டும் மிகுந்துள்ள ஊரில் கொசுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மலேரியா அபாயத்தைக் கணித்தால் கணக்குப் பொய்க்கும். மருந்துகளுக்குப் பழகிப்போகும் வேகமும் இச்சிற்றினங்களிடையே வேறுபடுகிறது.

ஆனால் ராமேசுவரம் தீவில் இந்த விதி பொருந்தவில்லை. மலேரியா நீடித்து வந்த அங்கே, தீங்கற்றதாகக் கருதப்பட்ட பி மட்டுமே இருப்பதாகத் தோன்றியது. ஆண் கொசுக்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தபோது, அது இரண்டு வடிவங்களில் இருப்பது தெரிந்தது. பி என்று எண்ணப்பட்ட கொசுக்களுக்குள் மற்றொரு சிற்றினம் மறைந்திருந்ததும், மலேரியாவைக் கடத்துவது அதுவே என்பதும் தெளிவாயின. 1999ஆம் ஆண்டு அதற்கு ஈ என்ற எழுத்து அளிக்கப்பட்டது. நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் மலேரியாவைக் கடத்திவந்த நுளம்பு இந்த ஈ வகையே என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின.

நாட்டில் மிகுதியான மலேரியாவுக்குக் காரணமான இந்த ஐந்து சிற்றினங்களும் இன்றும் முறையான இலத்தீன் பெயர் பெறாமல், எழுத்துகளாலேயே குறிக்கப்படுகின்றன.

நகரத்துக் கொசு கண்டம் தாண்டிய கதை

லிஸ்டன் 1901ஆம் ஆண்டு விவரித்த ஆனாஃபிலிஸ் ஸ்டீபன்சி, மலேரியா ஆய்வாளர் ஜான் ஸ்டீபன்ஸின் நினைவாகப் பெயர் பெற்றது. மற்ற மலேரியாக் கொசுக்கள் வயல், ஓடை, குட்டை ஆகியவற்றை நாட, இது கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டுமானப் பணிக்காகத் தேக்கிய நீர் ஆகியவற்றில் வளர்கிறது. மும்பையில் கிணறுகளை மூடுவதும் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி பொருத்துவதும் மலேரியாத் தடுப்பின் மையமாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

தெற்காசியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் உரியதாகக் கருதப்பட்ட இக்கொசு, 2012ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. மலேரியா ஒழிப்பை நெருங்கியிருந்த அச்சிறு நாட்டில் அவ்வாண்டு பதிவான தொற்றுகள் 27. 2020ஆம் ஆண்டில் அவை 73 ஆயிரத்தைக் கடந்தன. 2016இல் எத்தியோப்பியாவிலும் இக்கொசு கண்டறியப்பட்டது.

ஆப்பிரிக்காவின் வழக்கமான மலேரியாக் கொசு, மழைநீர்க் குட்டைகளில் வளரும் ஆனாஃபிலிஸ் காம்பியே. குட்டைகளில் மட்டும் தேடப் பழகியிருந்த ஊழியர்கள், நகரத்துத் தொட்டிகளில் வளரும் புதிய கொசுவைத் தேடக் கற்க வேண்டியதாயிற்று. இதன் பரவலைத் தடுப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு தனி முன்முயற்சி ஒன்றைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையிலும், அதே காலகட்டத்தில் மன்னாரில் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது, அந்நாட்டுச் சுகாதாரத் துறையை விழிப்படையச் செய்தது.

பெயரறிந்து செய்ய வேண்டியவை

* வீட்டிலோ தெருவிலோ டெங்கு கண்டறியப்பட்டால், முதலில் பார்க்க வேண்டியது சாக்கடையை அன்று. மூடப்படாத தண்ணீர்த் தொட்டி, டிரம், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஏர் கூலர், குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

* ஏடிஸ் முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். எனவே, நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

* ஏடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும். ஆகவே பகலில் உறங்கும் குழந்தைகளுக்கும் காய்ச்சல் நோயாளிகளுக்கும் கொசுவலை தேவை.

* மலேரியாவைப் பரப்பும் ஆனாஃபிலிஸ் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். மருந்தூட்டிய கொசுவலையும், உட்சுவர்களில் மருந்து தெளிப்பதும் இதற்கெதிராகவே அதிகப் பயன் தருகின்றன.

* நகரங்களில் மலேரியா பரவினால், மேல்நிலைத் தொட்டிகளின் மூடி, கிணறுகள், கட்டுமானத் தளங்கள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

* யானைக்கால் நோய் உள்ள பகுதிகளில் சாக்கடைகளில் நீர் தேங்காமல் ஓடச் செய்வதும், கழிவுநீர்த் தொட்டிகளின் காற்றுக் குழாய்களுக்கு வலை கட்டுவதும் அவசியம்.

மலேரியாவை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க இந்தியா இலக்கு வகுத்துள்ளது. 1975ஆம் ஆண்டு புதுச்சேரியில் அமைக்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும், தில்லியிலுள்ள தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் இன்று டிஎன்ஏ ஆய்வின் துணையோடு கொசுச் சிற்றினங்களைப் பிரித்தறிகின்றன. ஆயினும் அந்த ஆய்வகங்களுக்கு வந்து சேரும் கொசுக்களைத் தொட்டிகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் வயல்களிலும் பிடித்துத் தருபவர்கள் களப்பணியாளர்களே. நோயாளிகள் குறையக் குறைய, எஞ்சியுள்ள தொற்றுக்குக் காரணமான கொசு எது என்பதைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவை கூடுகிறது. பிடித்த கொசுவைப் பிழையின்றி இனங்காணும் பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால்தான், தெளிக்கப்படும் மருந்து உரிய இடத்தில் சேரும்.